வேப்பம் பலகையை இழைக்கும்போது நார் பிய்கிறது: ஈரம் காரணமா, கருவி காரணமா?

காற்றில் சாய்ந்த வேப்ப மரத்தின் அடித்துண்டைச் சங்கிலி ரம்பத்தால் 2 அங்குலப் பலகைகளாக அறுத்து 7 மாதம் ஆகிறது. அதில் ஒரு சிறிய பெஞ்சு செய்யத் தொடங்கினேன். இழைப்புளி ஓட்டிய இடமெல்லாம் நார் பிய்ந்து குழி விழுகிறது.

பலகைகள் நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையில், இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கப்பட்டுள்ளன. முனைகளுக்குப் பெயிண்ட் அடிக்க இரண்டு வாரம் தாமதித்துவிட்டதால், மரத்தின் நடுமையம் அகப்பட்ட இரண்டு பலகைகள் ஒரு முழ நீளத்துக்கு வெடித்துவிட்டன, அவற்றை ஒதுக்கிவிட்டேன். மற்றவற்றில் ஈரப்பத மீட்டர் 19% காட்டுகிறது. அங்குலத்துக்கு ஓராண்டு என்ற பொதுக் கணக்குப்படி இது இன்னும் காய வேண்டிய மரம்தான்.

இழைப்புளி இரும்பாலானது, 4ஆம் எண் அளவு, அலகு 45 டிகிரியில் அமர்ந்தது. அலகைக் கைரோமம் மழியும் அளவுக்குத் தீட்டி, சீவலைத் தாள் கனத்துக்குக் குறைத்து, எதிர்ப்புறமிருந்தும் இழைத்துப் பார்த்துவிட்டேன். வழவழப்பாக வரும் பட்டைக்கு அடுத்த விரற்கடையிலேயே நார் எதிர்த்து எழும்புகிறது; வேம்பின் நார் பட்டைக்குப் பட்டை எதிரெதிராகச் சாய்ந்து ஓடுவதே காரணம் என்று நினைக்கிறேன். உப்புத்தாளை மட்டும் நம்பினால் பரப்பு மட்டமாவதில்லை.

வேம்பில் வேலை செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்: பலகை 12% ஈரப்பத அளவுக்குக் காயும்வரை காத்திருந்தால் இதே இழைப்புளி போதுமா, அல்லது அலகு 55 டிகிரி வாக்கில் நிமிர்ந்து நிற்கும் இழைப்புளியை வாங்கியே ஆக வேண்டுமா?