விரல்ரேகை போய்க் கண் வந்தது: வசதியா, வம்பா?

தேக்காவாசி: சிங்கப்பூரில் 2017 ஜனவரியிலிருந்து அடையாள அட்டைக்கும் கடப்பிதழுக்கும் பதியும்போது நம் கண்ணையும் படமெடுத்துக்கொள்கிறார்கள். 2020இல் குடிநுழைவுச் சோதனைச்சாவடிகளில் விரல்ரேகையின் இடத்தை முகமும் கண்ணும் பிடித்துக்கொண்டன. வரிசை வேகமாக நகர்கிறது, மறுக்கவில்லை. ஆனாலும் மனம் ஒப்பவில்லை. கடவுச்சொல் திருடுபோனால் மாற்றிக்கொள்ளலாம். விழித்திரையை எங்கே போய் மாற்றுவது?

ஈசூன்மல்லி: ஐயா, என் அம்மா உணவங்காடியில் இருபது வருடம் பாத்திரம் கழுவியவர். சவர்க்காரத் தண்ணீரிலேயே ரேகை தேய்ந்துவிட்டது. பிறகு சேர்ந்த துப்புரவு வேலையில் வருகையைப் பதிய ஓர் இயந்திரம். கட்டைவிரலை வைப்பார், சிவப்பு விளக்கு எரியும். சட்டையில் துடைத்து, வாயால் ஊதி, மறுபடி வைப்பார். மறுபடியும் சிவப்பு. பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். இன்று சாவடியில் நிமிர்ந்து பார்த்துவிட்டு நடக்கிறார். உங்கள் தத்துவத்தை அவரிடம் வந்து சொல்லுங்கள்.

சுற்றுப்பலகை: சண்டைக்கு முன் ஒரு திருத்தம். விழித்திரை கண்ணின் உட்புறச் சுவரில் இருப்பது. இங்கே படமெடுப்பது கருவிழிப்படலத்தை, அதாவது கண்பாப்பாவைச் சுற்றியுள்ள நிற வளையத்தை. நம்மைப் போன்ற கரும்பழுப்புக் கண்களில் சாதாரண வெளிச்சத்தில் அதன் இழைகள் தெரியாது. அதனால்தான் கேமரா அண்மை அகச்சிவப்பு ஒளியைப் பாய்ச்சுகிறது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ஜான் டாக்மன் வகுத்த முறையில் அந்த இழைக்கோலம் 2,048 பிட் (0 அல்லது 1) கொண்ட எண்சரமாகிறது. ஒட்டிப் பிறந்தது போலிருக்கும் இரட்டையருக்கும் கோலம் வேறு. ஒரே ஆளின் வலக்கண்ணுக்கும் இடக்கண்ணுக்கும்கூட வேறு.

தேக்காவாசி: திருத்தத்துக்கு நன்றி தம்பி, பயம் போகவில்லை. 2017இல் ஜெர்மனியின் கேயாஸ் கம்ப்யூட்டர் கிளப் என்ற ஹேக்கர் குழுவினர் கண்ணைப் படமெடுத்து, அச்சிட்டு, மேலே ஒரு கான்டாக்ட் லென்ஸை வைத்தே சாம்சங் கேலக்ஸி எஸ்8 கைப்பேசியைத் திறந்துகாட்டினார்கள். அமெரிக்க அரசின் பணியாளர் அலுவலகத்திலிருந்து 56 இலட்சம் பேரின் விரல்ரேகைகள் களவுபோன செய்தி 2015இல் வந்தது. பத்திரமாக இருக்கும் என்று அங்கேயும்தான் சொல்லியிருப்பார்கள்.

சுற்றுப்பலகை: கைப்பேசியைத் தனியறையில் வைத்து எத்தனை முறையும் ஏமாற்றிப் பார்க்கலாம். சாவடியில் அச்சிட்ட கண்ணைத் தூக்கிப் பிடித்தால் பக்கத்தில் நிற்கும் அதிகாரி சும்மா இருப்பாரா? களவு விஷயத்தில் மட்டும் உங்கள் பக்கம்தான் நான்.

ஈசூன்மல்லி: முகமும் மாற்ற முடியாததுதானே? அதை எம்ஆர்டி ரயில் முழுக்கக் காட்டிக்கொண்டுதான் போகிறோம்.

தேக்காவாசி: முகத்தை மறைத்துக்கொண்டு யாரும் பிறக்கவில்லை அம்மா. கண்ணின் இழையை இதுவரை எவனும் எண்ணியதில்லை, அதுதான் வித்தியாசம். இன்னொன்று: கண்புரை அறுவைக்குப் பிறகு சிலருக்குப் பழைய பதிவோடு கண் பொருந்தாமல் போவதுண்டு. உங்கள் அம்மாவிடம் சொல்லி வையுங்கள்.

ஈசூன்மல்லி: வலக்கண்ணில் போன மாதம்தான் செய்தோம். இடக்கண் இருக்கிறதே, ஐயா. அதற்கு அடுத்த வருடம்தான் தேதி.