டௌ புரதம் என்றால் பருப்பை நிறுத்த வேண்டுமா?

கடைமடைக்காரன்:
அப்பாவுக்கு 79. திருத்துறைப்பூண்டி பக்கம் எங்கள் ஊர். 1977 நவம்பர் புயலில் எந்த மாட்டை எந்தத் தூணில் கட்டியிருந்தார் என்பது வரை சொல்வார். காலையில் தின்ற இட்லியைக் கேட்டால், "எங்கடா போட்டீங்க?" என்பார். தஞ்சாவூரில் ஒரு மருத்துவர் ஸ்கேன் பார்த்து அல்சைமர் என்ற மறதி நோய் என்றார். மூளையில் டௌ என்ற புரதம் சிக்கிக்கொள்கிறது என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். 'புரதம்' என்ற சொல்லை மட்டும் பிடித்துக்கொண்ட சித்தப்பா, ஒரு வாரமாகப் பருப்பும் முட்டையும் கூடவே கூடாது என்கிறார். அப்பாவுக்கு மோர்ச்சோறும் ஊறுகாயும்தான். இது சரியா? இந்த டௌ என்பதுதான் என்ன?

வெண்ணாற்றங்கரை வாத்தியார்:
முதலில் முட்டையைக் கொடுங்கள் தம்பி. நாம் தின்கிற புரதம் குடலிலேயே அமினோ அமிலங்களாக உடைந்துவிடும். டௌவை நரம்புச் செல் தானே தயாரித்துக்கொள்கிறது. அதற்கான மரபணு 17ஆவது குரோமோசோமில் இருக்கிறது. உங்கள் மூளையிலும் என் மூளையிலும் டௌ உண்டு.

நரம்புச் செல்லுக்கு ஆக்ஸான் என்று ஒரு நீண்ட வால். அதற்குள் நுண்குழல்கள் ஓடும். செல்லில் தயாராகும் சரக்கு அந்த வழியாகத்தான் நுனிக்குப் போக வேண்டும். வாய்க்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள். டௌ, கரையில் அடித்த மூங்கில் முளை. 1975இல் இதைக் கண்டுபிடித்ததே, நுண்குழல்கள் உருவாகத் துணை செய்யும் பொருளாகத்தான். அல்சைமரில் டௌவின் மேல் பாஸ்பேட் அளவுக்கு மீறி ஏறிவிடுகிறது. பிடி தளர்ந்து கழன்ற முளைகள் ஒன்றோடொன்று முறுக்கிக்கொண்டு செல்லுக்குள்ளேயே கிடக்கும். மதகில் ஆகாயத்தாமரை அடைத்தால் என்ன ஆகும் என்று கடைமடைக்காரருக்கு நான் சொல்ல வேண்டுமா?

சரி, புயல் நினைவில் நிற்கிறது, இட்லி ஏன் நழுவுகிறது? இந்தச் சிக்கல் பெரும்பாலும் ஹிப்போகாம்பஸை ஒட்டிய இடத்தில்தான் தொடங்கும். புது நினைவு பதிவதற்கு அந்த இடம் வேண்டும். பழைய நினைவுகள் மூளையின் புறணியில் பரவி ஊறிவிட்டவை. அங்கே சிக்கல் பிந்தித்தான் போய்ச் சேரும். பீட்டா அமிலாய்டு என்று இன்னொரு புரதமும் உண்டு, அது செல்லுக்கு வெளியே படிவது. ஆனால் மறதி கூடக் கூட அதோடு சேர்ந்து கூடுவது டௌ சிக்கல்தான்.

அப்புறம், வைட்டமின் பி12, தைராய்டு பார்த்தார்களா? அவை குறைந்தாலும் மறதி வரும். அது மருந்துக்குக் கேட்கும்.

கும்பகோணம் மருமகள்:
மாமியாரை ஆறு வருடம் பார்த்தவள் சொல்கிறேன் அண்ணா, "இப்பத்தானே சாப்பிட்டீங்க" என்று மட்டும் சொல்லாதீர்கள், சண்டைதான் வரும். நான் சாப்பிட்ட இலையை எடுக்காமல் அரை மணி நேரம் கண்ணெதிரே விட்டுவைப்பேன். சில நாள் பலித்தது. பலிக்காத நாளில் அரை டம்ளர் காபி.

கடைமடைக்காரன்:
பி12 பார்க்கவேயில்லை ஐயா. நாளைக்கு ரத்தம் கொடுக்கப் போகிறோம். வாய்க்கால் கதையை அப்பாவிடமே சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "முளை அடிக்கறப்ப கோரையப் புடுங்காம அடிக்கணும்டா, அதுதான் கரையப் புடிச்சு நிக்கும்" என்றார். அவித்த முட்டை இரண்டு தின்றார். முட்டை ஓடுகளை இன்னும் எடுக்கவில்லை, தட்டிலேயே இருக்கின்றன. சித்தப்பாதான் கோபித்துக்கொண்டு போயிருக்கிறார்.