புதுப்பிப்பு: ஓடுற தங்கச்சியும் தினமும் எடை பார்க்கிற கோச்சும்

போன மாசம் எழுதியிருந்தேன்: காலேஜ்ல 5000 மீட்டர் ஓடுற தங்கச்சியை கோச் தினமும் எல்லார் முன்னாடியும் எடை பார்க்கிறார், அரைக் கிலோ கூடினா ராத்திரிச் சாப்பாடு கட், 5 மாசமா பீரியட்ஸ் வரலைன்னு. டாக்டர்கிட்ட காட்டச் சொன்னீங்க. காட்டினோம்.

கால் எலும்புல மயிரிழை விரிசல். ஓடுற அளவுக்குச் சாப்பிடாம ஹார்மோன் குறைஞ்சு எலும்பு பலமிழந்திருக்கு. சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 2014-லயே இதுக்கு ரெட்-எஸ்னு பேர் வச்சிருக்கு. அமெரிக்காவுல மேரி கெய்ன்னு ஒரு ஓட்ட வீராங்கனை 2019-ல வெளியே சொன்னதும் இதேதான்: 3 வருஷம் பீரியட்ஸ் இல்லை, 5 எலும்பு முறிவு. இங்க ஒரு சீனியர், "பீரியட்ஸ் நின்னாத்தான் நல்லா பயிற்சி எடுக்கிறேன்னு அர்த்தம்"னு இவகிட்ட சொல்லியிருக்கா. கேட்டு வயிறு எரிஞ்சுது.

இப்போ தங்கச்சி கொழிஞ்சாம்பாறை வீட்டுல இருக்கா. 8 வாரம் ஓட்டம் கிடையாது. நேத்து ராத்திரி அவளாவே மூணாவது தோசைக்குத் தட்டை நீட்டினா. அம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கிட்டாங்க.

அப்பா போய்ப் பேசினதுக்கு கோச், "மெடல் வேண்டாமா?"ன்னு மட்டும் கேட்டாராம். திங்கக்கிழமை பிரின்சிபால்கிட்ட எழுத்துல கொடுக்கிறோம். கூட ஓடுற ரெண்டு பொண்ணுங்களும் கையெழுத்து போட்டிருக்காங்க.