மூன்றில் ஒருவர்தான் முடித்தாரா? சமூகப் பதற்றமும் இணையவழி சிபிடியும்

கொள்ளிடத்தான்:
நேற்று இன்னோர் இழையில் சிபிடி, அதாவது எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சுச் சிகிச்சை பற்றிப் புங்கமரம் ஐயா போகிறபோக்கில் இப்படி எழுதியிருக்கிறார்: "நாலு பேர் முன்னால் பேசப் பயப்படுகிறவனுக்கு இணையத்தில் சிபிடி தருவது, தண்ணீரில் இறக்காமல் நீச்சல் சொல்லித்தருவது. பணம் பறிக்கும் வேலை." அதற்கு வரிசையாக விருப்பக்குறிகள் வேறு. படித்ததும் எரிச்சல் தாங்கவில்லை. ஸ்டாக்ஹோமில் கரோலின்ஸ்கா மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தப் பயம், அதாவது சமூகப் பதற்றம், உள்ள 126 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு இணையவழி சிபிடியும் மற்றதற்கு நேரடிக் குழு சிகிச்சையும் 15 வாரம் கொடுத்தார்கள். 2011இல் முடிவு வெளியானது. இணையவழி நேரடிக்குச் சளைக்கவில்லை. இதைப் படிக்காமல் பணம் பறிக்கும் வேலை என்று எப்படி எழுத மனம் வருகிறது?

புங்கமரம்:
என் பெயரைப் போட்டே இழை தொடங்கியிருக்கிறீர்கள். நல்லது. ஸ்வீடனை விடுங்கள். 2008இல் ஆஸ்திரேலியாவில் நிக் டிட்டோவ் குழு செய்த சோதனையைப் பாருங்கள். அங்கே கணினிப் பாடத்தைத் தாமே படித்துக்கொள்ளும்படி விடப்பட்டவர்களில் முடித்தவர்கள் 33 சதவீதம். மூன்றில் இரண்டு பேர் பாதியிலேயே எழுந்து போய்விட்டார்கள். இதற்குப் பெயர் சிகிச்சையா?

கொள்ளிடத்தான்:
அதே கட்டுரையின் அடுத்த எண்ணை ஏன் விழுங்கினீர்கள் ஐயா? அதே பாடம், ஆனால் மருத்துவ வல்லுநர் ஒருவர் கூடவே துணையிருந்தார். அந்தப் பிரிவில் முடித்தவர்கள் 77 சதவீதம். 33ஐ மட்டும் எடுத்து வந்து நடுவில் வைப்பது நேர்மையா?

புங்கமரம்:
அதைத்தான் நானும் சொல்கிறேன். ஆள் இருந்தால் 77, ஆள் இல்லாவிட்டால் 33. குணப்படுத்தியது ஆளா, இணையமா?

மூன்றாம்படி:
முதலில் ஒன்றைத் தெளிவாக்குங்கள். ஆன்லைன் சிபிடி என்று நீங்கள் இருவரும் சொல்வது வீடியோ அழைப்பையா, வாரப் பாடங்களையா, கைப்பேசிச் செயலியையா?

கொள்ளிடத்தான்:
77 பற்றி இன்னும் பதில் வரவில்லை.

நீலமலர்:
நான் கோவையில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஆய்வுக் கட்டுரைகளை எல்லோரும் எடுத்துப் போடலாம். நோயாளியின் எதிரில் உட்கார்ந்து பார்த்தவர்கள் இங்கே எத்தனை பேர்? வீடியோவில் பேச வருகிறவர்களில் சிலர் கேமராவை மேலே தூக்கி வைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிவது பாதி நெற்றியும் மின்விசிறியும்தான். மறைந்துகொள்வதுதான் அவர்களுடைய நோயே. அதற்கு நாமே வசதி செய்துகொடுப்பதா? பிரிட்டனில் சிகிச்சை வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பு 2013இல் வெளியிட்ட வழிகாட்டுதலில் தனிநபர் சிபிடிதான் முதல் தெரிவு. அது வேண்டாம் என்பவர்களுக்குத்தான் துணையுடன் கூடிய சுய உதவி.

கொள்ளிடத்தான்:
2013லேயே நின்றுவிட்டீர்கள். அதே நைஸ் 2023இல் ஆக்ஸ்போர்டில் டேவிட் கிளார்க் குழு உருவாக்கிய இணையவழிச் சிகிச்சையை, கூடுதல் சான்று திரட்டிக்கொண்டே பயன்படுத்தலாம் என்று அனுமதித்திருக்கிறது. அதன் சோதனையில் 102 பேர். நேரடிச் சிகிச்சைக்கும் இணையவழிக்கும் பலனில் வேறுபாடு இல்லை. நேரடியில் ஒரு நோயாளிக்குச் சிகிச்சையாளர் செலவிட்டது ஏறக்குறைய 16 மணி நேரம், இணையவழியில் ஆறரை. லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் உட்கார்ந்துகொண்டு இந்தக் கணக்கை அலட்சியம் செய்ய யாருக்கும் உரிமை இல்லை. சிகிச்சையாளர்களின் வருமானக் கணக்கு வேறாக இருக்கலாம்.

நீலமலர்:
கடைசி வரியைத் திரும்பப் பெறுங்கள். நான் என்ன கட்டணம் வாங்குகிறேன் என்று உங்களுக்குத் தெரியுமா?

புங்கமரம்:
ஆறரை மணி நேரம் ஆள் இருந்திருக்கிறார். மறுபடியும் ஆள்! ஆள் இல்லாத இடத்தில் 33. நான் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். கூச்சப்படும் பிள்ளையைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் மேடையேற்றி, ஒரு குறளும் விளக்கமும் சொல்ல வைப்பேன். நாலு வாரத்தில் பயம் ஓடிவிடும். இதற்கு ஸ்வீடனும் வேண்டாம், ஆக்ஸ்போர்டும் வேண்டாம்.

இரவுப்பறவை:
ஐயா, அப்படி மேடையேற்றப்பட்ட பிள்ளைகளில் நானும் ஒருவன். இரண்டாவது அடி மறந்துபோய் நின்றேன். முன்வரிசை சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். அதன்பிறகு கல்லூரி முடியும்வரை வருகைப்பதிவுக்கு "உள்ளேன் ஐயா" சொல்வதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். வெறுமனே கூட்டத்தில் நிறுத்துவதால் பயம் போகாது. ஏன் போகாது என்பதைத்தான் கிளார்க்கும் ஏட்ரியன் வெல்ஸும் 1995இல் விளக்கினார்கள். பயப்படுகிறவன் கூட்டத்தில் நிற்கும்போது எதிரில் இருப்பவர்களைப் பார்ப்பதில்லை, தன்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறான். முகம் சிவந்துவிட்டதா, குரல் நடுங்குகிறதா என்று உள்ளே ஒரு காவல். நடுக்கம் தெரியாமலிருக்கத் தம்ளரை இறுக்கிப் பிடிப்பான், சொல்லப்போகும் வாக்கியத்தை மனத்துக்குள் நாலு முறை ஒத்திகை பார்ப்பான். ஒன்றும் ஆகாமல் வீடு திரும்பினாலும், "இறுக்கிப் பிடித்ததால்தான் தப்பித்தேன்" என்றே நினைப்பான். பயம் அப்படியே மிஞ்சும்.

நான் இப்போது இங்கிலாந்தில் இருக்கிறேன். பொதுச் சுகாதாரச் சேவை வழியாக நானே பதிவு செய்து இணையவழிச் சிகிச்சை பெற்றேன். வெப்கேமராவில் முன்பின் தெரியாத ஒருவரோடு பேச வைத்துப் பதிவு செய்தார்கள். பதிவைப் பார்க்கும் முன்னால், முகம் எவ்வளவு சிவந்திருக்கும், கை எவ்வளவு நடுங்கியிருக்கும் என்று நூற்றுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். நடுக்கத்துக்கு எண்பது போட்டேன். பிறகு, வேறு யாரையோ பார்ப்பதுபோல் பார்க்கச் சொன்னார்கள். திரையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருக்கும் ஓர் ஆள்தான் தெரிந்தான். அடுத்த வாரம் சட்டையின் அக்குளில் வேண்டுமென்றே தண்ணீர் தெளித்துக்கொண்டு கடைக்குப் போய், கல்லாவில் இருப்பவரிடம் வழி கேட்க வேண்டும். கேட்டேன். அவர் சட்டையைக் கவனிக்கவே இல்லை. பாடம் திரையில், பயிற்சி தெருவில். சிகிச்சையாளர் வாரம் ஒருமுறை தொலைபேசியில் வந்தார்.

புங்கமரம்:
தம்பி, உங்கள் ஆசிரியர் செய்தது தவறு. நான் சிரித்ததில்லை. ஆனால் தொலைபேசியில் ஆள் வந்தார் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள்.

சுண்ணாம்புக்கல்:
இரண்டு பக்கமும் ஒன்றை மறைக்கிறீர்கள். சுவிட்சர்லாந்தில் தாமஸ் பெர்கர் குழு 2011இல் 81 பேரிடம் செய்த சோதனையில், துணையோடு படித்தவர்களும் துணையில்லாமல் படித்தவர்களும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத்தான் தேறினார்கள். ஆள் கட்டாயம் என்ற வாதமே அங்கே நிற்கவில்லை.

கொள்ளிடத்தான்:
81 பேரை மூன்று பிரிவாக்கினால் பிரிவுக்கு 27 பேர். அதை வைத்துக்கொண்டு தீர்ப்பு எழுதாதீர்கள்.

சுண்ணாம்புக்கல்:
ஆஸ்திரேலியச் சோதனையில் மட்டும் ஊரே திரண்டு வந்ததா? அதுவும் 98 பேர், மூன்று பிரிவு. நீங்கள் இருவரும் காலையிலிருந்து அடித்துக்கொள்ளும் அந்த 33 சதவீதம் தலைக்கணக்கில் பத்துப் பேர் சொச்சம்தான்.

புங்கமரம்:
பத்துப் பேரானாலும் 33 சதவீதம் 33 சதவீதம்தான்.

கொள்ளிடத்தான்:
சுண்ணாம்புக்கல், போன வருடம் சர்க்கரை நோய் இழையில் வெந்தயத் தண்ணீருக்காக வாதாடியவர் நீங்கள்தானே? அன்று எந்தச் சோதனையையும் நீங்கள் கேட்டதாக நினைவில்லை.

சுண்ணாம்புக்கல்:
பெர்கருக்குப் பதில் இல்லாதபோது வெந்தயம் வந்துவிடும் என்று எதிர்பார்த்தேன்.

மூன்றாம்படி:
அரசின் டெலிமனஸ் 14416 இருக்கிறதே, அதுவும் இதில் சேருமா?

நீலமலர்:
சேராது. அது தொலைபேசி வழி ஆலோசனைச் சேவை, 2022இல் தொடங்கியது. தேவைப்பட்டால் மருத்துவரிடம் அனுப்பிவைப்பார்கள். வாரக்கணக்கில் பாடமும் வீட்டுப்பாடமும் தரும் சிகிச்சை அன்று. அதற்கும் முன்னால், வருமானம் பற்றிய அந்த வரியைக் கொள்ளிடத்தான் இன்னும் திரும்பப் பெறவில்லை.

கொள்ளிடத்தான்:
பொதுவாகச் சொன்னது, உங்களை அல்ல. பேச்சை மாற்றாதீர்கள். கேமராவை மேலே தூக்கி வைப்பதைச் சிகிச்சைக்குள் கொண்டுவந்து, "அடுத்த முறை முகம் தெரிய வையுங்கள், என்ன ஆகிறது என்று பார்ப்போம்" என்று சொன்னால் அதுவே ஒரு பயிற்சி. அதைச் செய்யாமல் மின்விசிறியைக் குறை சொல்வது யாருடைய பிழை?

நீலமலர்:
எனக்குத் தொழில் சொல்லித்தருகிறீர்களா? செய்துதான் பார்த்திருக்கிறேன். சிலர் திருப்பி வைத்தார்கள். சிலர் அடுத்த வாரம் வரவே இல்லை. நேரில் என்றால் கதவு வரைக்கும் எழுந்து போய்ப் பேசியிருப்பேன்.

இரவுப்பறவை:
நேரில் வா என்றிருந்தால் நான் அந்தக் கதவு வரைக்கும் வந்தே இருக்கமாட்டேன் அக்கா. காத்திருக்கும் அறையில் தெரிந்தவர் யாராவது இருந்துவிடுவார்களோ என்பதே பெரிய பயமாக இருந்தது.

நீலமலர்:
தம்பி, உங்களுக்குப் பலித்ததில் எனக்கு மகிழ்ச்சிதான். ஒருவருக்குப் பலித்ததை எல்லோருக்கும் விதியாக்குவதைத்தான் எதிர்க்கிறேன்.

புங்கமரம்:
மூன்றில் ஒருவருக்கு.

கொள்ளிடத்தான்:
துணையில்லாத பிரிவில் மூன்றில் ஒருவர்! துணையோடு 77! அட்டவணையை நாளைக் காலை இங்கேயே தமிழில் போடுகிறேன். அதற்குப் பிறகாவது முழுக் கட்டுரையையும் படித்துவிட்டு வாருங்கள்.

புங்கமரம்:
போடுங்கள். 33ஐயும் மறக்காமல் போடுங்கள்.