ஊர் போலீசுக்குக் கவச வண்டி வேணுமா?

கேள்வி: சைக்கிள்காரன்

கலிஃபோர்னியா டேவிஸுக்குக் குடிவந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு. 2014-ல் ராணுவம் கழிச்சுவிட்ட கவச வண்டி ஒண்ணு இந்த ஊர் போலீசுக்கு இலவசமா வந்திருக்கு. விலை கிட்டத்தட்ட 7 லட்சம் டாலர். கவுன்சில் கூடி, 60 நாளில் தள்ளிவிட வழி பாருங்கன்னு சொல்லிடுச்சாம். தானமா வந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பார்ப்பாங்களா? 2019 ஜனவரியில் இதே ஊரில் ஒரு இளம் பெண் போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டாரே, அந்த வண்டி இருந்திருந்தா? வீட்டம்மா வேண்டவே வேண்டாம்கறாங்க. ராத்திரி சாப்பாடு ஆறிப்போற அளவுக்கு விவாதம்.

பதில்: பழைய டேவிஸ்வாசி

தம்பி, 2014-ல் நான் அங்கேதான் இருந்தேன். 2011 நவம்பரில் பல்கலைக்கழக வளாகத்தில் தரையில் உட்கார்ந்திருந்த பிள்ளைங்க முகத்தில் வரிசையா மிளகு ஸ்ப்ரே அடிச்ச வீடியோவை உலகமே பார்த்தது. அது வளாகப் போலீஸ், ஊர் போலீஸ் இல்லை. கோபத்துக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியுமா? 2014 ஆகஸ்டில், மிசௌரி மாநிலத்து ஃபெர்குசனில் போலீஸ் ஒரு கறுப்பின இளைஞனைச் சுட்டுக் கொன்னதால் வந்த கலவரத்தை டிவியில் பார்த்துக்கிட்டிருந்தப்போ இந்த வண்டி வந்து நின்னுச்சு. கண்ணிவெடிக்குத் தாங்கற மாதிரி ஈராக், ஆப்கானிஸ்தானுக்குச் செஞ்சது. நம்ம ஊரில் யார் கண்ணி வெச்சா?

நீங்க சொல்ற அதிகாரி கார் விபத்தை விசாரிச்சுக்கிட்டு நடுரோட்டில் நின்னப்போ சுட்டாங்க. எந்த வண்டி வந்தும் அதைத் தடுத்திருக்க முடியாது. ஆனா சுட்டவன் அப்புறம் பக்கத்து வீட்டுக்குள்ளே இருந்தான் பாருங்க, அந்த மாதிரி நேரத்துக்குத்தான் கவசம் வேணும்.

பதில்: வேலி_எல்ஏ

வேணும்ங்கறவன் நான். 1997 பிப்ரவரியில் நார்த் ஹாலிவுட் வங்கிக் கொள்ளை. உடம்பு பூரா கவசம், கையில் தானியங்கித் துப்பாக்கின்னு ரெண்டு பேர். அடிபட்டவங்களைத் தூக்கிட்டு வர, பணம் ஏத்திப்போற கவச லாரியைத்தான் போலீஸ் வாங்கி ஓட்டிச்சு. 2015-ல் சான் பெர்னார்டினோவில் பல பேரைச் சுட்டுக் கொன்னவங்களோட நடந்த கடைசித் துப்பாக்கிச் சண்டையில் கவச வண்டி முன்னாடி போச்சு. பேர்கேட்னு ஒரு போலீஸ் கவச வண்டி இருக்கு, ஃபோர்டு லாரியோட அடிச்சட்டத்தின் மேல கட்டினது. போர்க்கள வண்டியையும் அதையும் ஒரே தட்டில் வைக்காதீங்க.

பதில்: பழைய டேவிஸ்வாசி

வைக்கலைங்க. அடிபட்டவனைத் தூக்கிட்டு வர கவசம் வேணும், அதில் எனக்கும் உங்களுக்கும் சண்டை இல்லை. ஆனா வண்டி வாசலில் நின்னா அதுக்கு வேலை தேடுவாங்க. நியூ ஹாம்ப்ஷயரில் கீன்னு ஒரு சின்ன ஊர், பேர்கேட் வாங்க மானியம் கேட்ட விண்ணப்பத்தில் பூசணித் திருவிழாவையும் ஒரு காரணமா எழுதியிருந்தாங்க! பூசணிக்காய்க்குக் கவச வண்டி.

அதனால என் கட்சி இதுதான்: ஊருக்கு ஒண்ணுன்னு வேண்டாம், சுத்துப்பட்டு ஊரெல்லாம் சேர்ந்து ஒண்ணு வெச்சுக்கட்டும். யார் உத்தரவில் வெளியே வரும்னு எழுத்தில் இருக்கணும். வாரண்ட் கொடுக்கப் போறதுக்கும் ஊர்வலத்துக்கும் வரவே கூடாது.

கலிஃபோர்னியாவில் 2021-ல் வந்த ஏபி 481 சட்டப்படி, கவச வண்டியை எப்படிப் பயன்படுத்தலாம்ங்கற விதியைக் கவுன்சில் பொதுக்கூட்டத்தில் ஒப்புக்கணும். வருஷா வருஷம் போலீஸ் அறிக்கை வெளியிடணும், 30 நாளுக்குள்ளே மக்களைக் கூப்பிட்டு ஒரு கூட்டமும் போடணும். வீட்டம்மாவையும் கூட்டிட்டுப் போங்க. போன வருஷம் கவச வண்டி எதையாவது எதுக்கெல்லாம் வெளியே எடுத்தீங்கன்னு ஒரே கேள்வி கேளுங்க.

பதில்: சைக்கிள்காரன்

நன்றிண்ணே. அறிக்கையை இறக்கிட்டேன், அவங்கதான் முதல்ல படிக்கறாங்க.