எச். பைலோரி என்ற வயிற்றுக் கிருமிக்கு மருந்து முடித்தும் வாய் நாற்றம் போகவில்லை. வயிறா, பல்லா?

ஹார்பர்_லைன் (செம்பூர், மும்பை):
எல்லோருக்கும் வணக்கம். வயது 46. வேலை சிஎஸ்எம்டி ரயில் நிலையம் பக்கம். காலை ரயிலில் குர்லாவில் ஏறும் கூட்டத்தில் மூக்கோடு மூக்கு இடிக்காத குறைதான். அங்கேதான் என் சங்கடம். கொரோனா போய் எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றிவிட்டார்கள், நான் மட்டும் இன்னும் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

மார்ச்சில் மேல்வயிற்றில் எரிச்சல், ஓயாத ஏப்பம். எண்டோஸ்கோப்பியில் எச். பைலோரி பாசிட்டிவ். 14 நாள் மாத்திரை: கிளாரித்ரோமைசின், அமாக்சிசிலின் என்று இரண்டு ஆன்டிபயாட்டிக், கூடவே இரண்டு வேளை அமிலம் குறைக்கும் பான்டோபிரசோல். வாய் முழுக்கப் புளி போட்டுத் தேய்க்காத பித்தளைச் சொம்பை நக்கிய மாதிரி ஒரு கசப்பு. ஒரு வேளை விடாமல் முடித்தேன். எரிச்சல் போயிற்று, நாற்றம் போகவில்லை. முன்பெல்லாம் "ஏலக்காய் போட்டுக்கோங்க" என்று நாசூக்காகச் சொன்ன மனைவி, இப்போது டப்பாவையே சட்டைப்பையில் வைத்து அனுப்புகிறாள்.

வயிற்று டாக்டர் "பல் டாக்டரைப் பாருங்க" என்கிறார். பக்கத்துத் தெருப் பல் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்து, "சொத்தை எதுவும் இல்லை, எல்லாம் வயிறுதான்" என்று அனுப்பிவிட்டார். மருந்து முடிந்த பத்தாம் நாள் நானாகப் போய் லேபில் ரத்தம் கொடுத்தேன். ஆன்டிபாடி பாசிட்டிவ்! கிருமி பல்லிடுக்கில் ஒளிந்திருந்து திரும்ப வயிற்றுக்கு இறங்குகிறதா? மறுபடியும் 14 நாளா?

மாட்டுங்கா_மாமி:
தம்பி, லேபில் முப்பது வருஷம் இருந்தவள் சொல்கிறேன், அந்த ரத்த ரிப்போர்ட்டைப் பரணில் போடுங்கள். ஆன்டிபாடி என்பது கிருமியை எதிர்க்க உடம்பு செய்துகொள்ளும் புரதம், அது பழைய கணக்கு. கிருமி செத்த பிறகும் மாதக்கணக்கில் ரத்தத்தில் இருக்கும். கிருமி போய்விட்டதா என்று தெரிய யூரியா மூச்சுப் பரிசோதனை, இல்லாவிட்டால் மலத்தில் ஆன்டிஜென் (கிருமியின் கூறு) பரிசோதனை. அதுவும் ஆன்டிபயாட்டிக் முடிந்து குறைந்தது 4 வாரம் போக வேண்டும். பான்டோபிரசோலை டாக்டரிடம் சொல்லிவிட்டு 2 வாரம் முன்பே நிறுத்த வேண்டும். இல்லையென்றால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டிவிடும்.

இன்னொன்று. அந்த மூச்சுப் பரிசோதனையே கிருமியின் யூரியேஸ் என்ற நொதி, யூரியாவை உடைப்பதை வைத்துத்தான். வாயில் வாழும் வேறு சில கிருமிகளிடமும் யூரியேஸ் உண்டு, அது முடிவைக் குழப்பலாம். அதனால் வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டுப் போங்கள்.

தாராவி_தம்பி:
அண்ணே, எனக்கும் இதே கதைதான். கிராம்பு மெல்லுங்க, ஒரு மணி நேரம் தாங்கும்.

கடைவாய் (பல் மருத்துவர், சயான்):
தம்பி, ஒரு மணி நேரம் தாங்கும், சரி. அப்புறம்?

ஹார்பர்_லைன் சார், உங்கள் சந்தேகம் வீண் இல்லை. பல் காரையிலும் எச்சிலிலும் எச். பைலோரியின் டிஎன்ஏவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். ஆனால் அது அங்கே உயிரோடு குடியிருக்கிறதா, வயிற்றிலிருந்து மேலே வந்துபோன தடமா என்பதில் இன்னும் சண்டை ஓயவில்லை. மாத்திரையோடு ஈறு சிகிச்சையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கிருமி நன்றாக ஒழிந்ததாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. 1984இல் பாரி மார்ஷல் என்ற ஆஸ்திரேலிய டாக்டர் இந்தக் கிருமியைத் தானே குடித்துப் பார்த்தார். சில நாளிலேயே வாந்தி, கூடவே வாய் நாற்றம். ஆகவே வயிற்றுக்குப் பங்கே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

ஆனால் வாய் நாற்றத்தில் பெரும்பங்கு வாயிலிருந்துதான் வரும். நாக்கின் பின்பகுதியிலும் ஈறுப் பைகளிலும் (பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விழும் இடைவெளி) கிருமிகள் புரதத்தைச் சிதைத்து ஹைட்ரஜன் சல்ஃபைடு, மெதில் மெர்காப்டன் என்று கந்தக வாயுக்களை விடும். டார்ச் அடித்தால் சொத்தை தெரியும், ஈறுப் பை தெரியாது. புரோப் என்ற மில்லிமீட்டர் கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்குள் விட்டு ஒவ்வொரு பல்லாக அளக்க வேண்டும். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. இன்று ராத்திரி பின்பற்களுக்கு நடுவே ஃபிளாஸ் நூலை விட்டு எடுத்து முகர்ந்து பாருங்கள். தனியாரிடம் பார்க்க வசதியில்லை என்றால் மும்பை சென்ட்ரலில் நாயர் பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

ஹார்பர்_லைன்:
இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். அன்று ராத்திரியே நூலை முகர்ந்தேன். வலது கீழ்க் கடைசிப் பல்லில் வந்த வாடையை இங்கே எழுத மனசு வரவில்லை. நாயருக்குப் போனேன். பயிற்சி டாக்டர் பெண் அளந்துகொண்டே "தீன், தீன், சஹா" என்று சொல்லச் சொல்ல இன்னொருவர் எழுதிக்கொண்டார். மராத்தி எனக்கு அரைகுறை, ஆனாலும் "தீன்" மூன்று, "சஹா" ஆறு என்று தெரியும். அந்த ஆறு மூன்று இடத்தில் வந்தது. பஞ்செல்லாம் ரத்தம். இரண்டு தடவையாக ஈறுக்குக் கீழே சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். நாக்கு வழிப்பதைப் பள்ளிக்கூடத்தோடு விட்டிருந்தேன், இப்போது தினமும்.

மாமி சொன்ன கணக்குப்படியே மூச்சுப் பரிசோதனையும் செய்தேன். நெகட்டிவ். எனவே இரண்டாவது 14 நாள் இல்லை.

ஏலக்காய் டப்பா சமையலறைக்குத் திரும்பிவிட்டது, பாயசம் வைத்தாள். மாஸ்க்கைத்தான் குர்லா வரும்போது கை தானாகத் தேடுகிறது. அது சரி, ஆறு இருந்த இடங்களை மறுபடி எப்போது அளக்க வேண்டும் டாக்டர்?

கடைவாய்:
இரண்டு, மூன்று மாதத்தில். நூலை மட்டும் விட்டுவிடாதீர்கள்.