ஒலி மிக்சருக்குள் எஃப்பிஜிஏ: மேடையில் ஒலி அமைக்கும் மூவர் பார்த்தது

மஞ்சக்குப்பத்திலிருந்து:
திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கல்யாண ரிசப்ஷன், மெல்லிசைக் கச்சேரி. ஒத்திகையில் பாடகி இன்-இயரை (மேடையில் தன் குரலைக் கேட்கக் காதில் செருகுவது) கழற்றிவிட்டு, "அண்ணா, என் குரலே டப்பாக்குள்ள இருந்து கேக்குது" என்றார். ஈக்யூவை (அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் வசதி) எவ்வளவு திருகியும் பிரயோஜனமில்லை. பாடுகிறவருக்குத் தன் குரல் எலும்பு வழியாக உடனே காதுக்குப் போய்விடுகிறது. அதே குரல் மைக், மிக்சர், லேப்டாப்பில் ஒலியை மெருகேற்றும் பிளக்-இன் மென்பொருள் என்று சுற்றிக்கொண்டு சில மில்லிசெகண்ட் பிந்தி வருகிறது. இரண்டும் கலக்கும்போது சில அதிர்வெண்கள் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளும். லேப்டாப்பைக் கழற்றியதும் பாதி சரியானது.

அப்புறம் வேறொரு கச்சேரிக்கு ஆலன் அண்ட் ஹீத் எஸ்க்யூ-5 மிக்சர் வாடகைக்கு வந்தது. அதே பாடகி, புகாரே இல்லை. அதற்குள் இருப்பது எஃப்பிஜிஏ, அதாவது தயாரித்த பிறகும் உள்சுற்றை மாற்றியமைக்கக்கூடிய சிப். 96 கிலோஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 96,000 முறை ஒலியை அளக்கும் (ஒவ்வொரு அளவும் ஒரு சாம்பிள்). ஒலி உள்ளே போய் வெளியே வர 0.7 மில்லிசெகண்டுக்கும் குறைவு. அந்த நேரத்தில் காற்றில் ஒலி போகும் தூரம் 24 சென்டிமீட்டர்தான். லேப்டாப் கொஞ்சம் சாம்பிளைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் கணக்குப் போடும். எஃப்பிஜிஏவில் கணக்குப் போடும் சுற்றுகளே சிப்புக்குள் பக்கம் பக்கமாக அமைந்திருக்கும். சாம்பிள் வர வர வேலை நடக்கும். பந்திக்குப் போகிறவர்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, அது வேறு விஷயம்.

புதுச்சேரியிலிருந்து:
வீராம்பட்டினத்தில் ஒரு திருவிழா மேடை. ஜெனரேட்டர் மாற்றும்போது மிக்சர் அணைந்தது. கரண்ட் வந்த பிறகும் சத்தம் வரவில்லை, விழாக் குழுவினர் என்னையே முறைக்கிறார்கள். இந்த எஃப்பிஜிஏ சிப்புகளில் பெரும்பாலானவை எஸ்ரேம் வகை. மின்சாரம் போனால் சுற்றமைப்பே அழிந்துபோகும், ஃபிளாஷ் மெமரியிலிருந்து மறுபடி ஏற்றியாக வேண்டும். அதோடு மிக்சரின் மென்பொருளும் எழுந்து வர வேண்டும். இப்போது யுபிஎஸ் இல்லாமல் நான் மேடை ஏறுவதில்லை. ஆனால் இதே குணத்தால்தான் ஃபர்ம்வேர் (மிக்சரின் உள் மென்பொருள்) அப்டேட் போட்டால் சுற்றே மாறுகிறது. 1985-இல் சைலிங்க்ஸ் நிறுவனம் கொண்டுவந்த எக்ஸ்சி2064 எஃப்பிஜிஏவிலேயே இந்த வசதி உண்டு. அதில் இருந்தது வெறும் 64 லாஜிக் பிளாக் (கணக்குப் போடும் சிறு சுற்றுத் துண்டுகள்).

கடலூர் முதுநகரிலிருந்து:
பெரிங்கர் எக்ஸ்32 மிக்சரில் டிஎஸ்பிதான் (ஒலிக் கணக்குக்கென்றே உள்ள பிராசசர்), 48 கிலோஹெர்ட்ஸ்தான். அதுவும் 0.8 மில்லிசெகண்ட்தான் எடுக்கிறது. மஞ்சக்குப்பம் நண்பர் சொன்ன டப்பா சத்தத்துக்குப் பெரும்பாலும் பழி லேப்டாப் மேல்தான் என்பேன். இருக்கிற மிக்சரை விற்றுவிட்டு ஓடாதீர்கள். ரிவெர்பை (எதிரொலி சேர்ப்பது) மிக்சரிலேயே போட்டு, இன்-இயர் லைனில் பிளக்-இன் இல்லாமல் ஒருமுறை பாடவிட்டுப் பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.